விக் என்று தெரியாமல் விக் அணிய: முதன்முறை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அக்காவுக்குக் கீமோதெரபி தொடங்குவதற்கு நான்கு நாட்கள் முன்பு விக் வந்து சேர்ந்தது. நல்ல மனித முடி, நேர்த்தியான தையல், விலையும் குறைவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றவள் சற்று நேரம் பேசவில்லை. "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நான் இல்லை" என்றாள்.

அவள் சொன்னது சரி. நெற்றியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் முடி தொடங்கியது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அடர்த்தி. வகிடு நூல் பிடித்த நேர்கோடு. நாற்பத்தாறு வயதுப் பெண்ணின் தலையில் பிறந்த முடி அப்படி இருப்பதில்லை. அடுத்த பத்து நாட்கள் மாலை நேரங்களில் அந்த விக்குடன் உட்கார்ந்தேன். அதில் கற்றது ஒன்றே: விக்கை இயல்பாக்குவது சேர்க்கிற வேலை அல்ல, குறைக்கிற வேலை. அதிலும் முன்நெற்றியில் ஓர் அங்குலமும் வகிடும்தான் முக்கியம். அந்த இடங்களில் பொறுமை காட்டினால் மற்ற இடங்களில் சிறு குறை இருந்தாலும் கண்ணில் படாது.

சிகிச்சைக்காக, புழுவெட்டுக்காக, முடி மெலிந்ததற்காக என்று எந்தக் காரணத்துக்காக அணிந்தாலும் முறை ஒன்றுதான். சிகிச்சையில் இருப்பவர்களுக்கான எச்சரிக்கைகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முடி இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முடியை உதிரச் செய்யும் கீமோ மருந்துகள் என்றால், பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின் இரண்டு அல்லது மூன்று வாரங்களில் உதிர்வு தொடங்கும். அதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள்: நேராக, இரு பக்கவாட்டிலும், உச்சியிலிருந்து, பின்னாலிருந்து. முடியை இறுக்கிப் பின்னுக்கு இழுத்து நெற்றியோரம் தெரிய ஒரு படம் கட்டாயம் வேண்டும். விக்கின் முன்வரிசையைத் திருத்தும்போது அந்தப் படம்தான் உங்களுக்கு வரைபடம்.

முன்பக்கத்திலிருந்து ஒரு சிறு கற்றை, பிடரியிலிருந்து ஒரு சிறு கற்றை வெட்டி, நூலால் கட்டித் தனித்தனியே வையுங்கள். வெயில் பட்டுப் பட்டு முன்முடி சற்றுப் பழுப்பேறியிருக்கும், பிடரி முடி கருமையாக இருக்கும். விக்கின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விக் நிற அட்டவணையில் 1 என்பது மைக்கருப்பு, 1பி என்பது சற்றுத் தணிந்த கருப்பு. நம்மில் பலர் தம் முடி மைக்கருப்பு என்று நினைத்து 1ஐ வாங்கிவிடுகிறார்கள். வெயிலில் நிற்கும்போது அது சாயம் போட்டதுபோல் தெரியும். பெரும்பாலோருக்கு 1பி பொருந்தும்.

தையல்காரரின் நாடாவால் மூன்று அளவுகள் எடுங்கள். நெற்றி முடியோரத்தில் தொடங்கி காதுகளுக்குச் சற்று மேலாகச் சென்று பிடரியைச் சுற்றி வரும் சுற்றளவு, முன்நெற்றியிலிருந்து உச்சி வழியாகப் பிடரிக்குழி வரை, ஒரு காதின் மேலிருந்து உச்சி வழியாக மறு காது வரை. சுற்றளவு 22 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நடுத்தர அளவு, 21ஐ ஒட்டினால் சிறியது, 23ஐ ஒட்டினால் பெரியது. அடர்ந்த முடியின் மேல் எடுத்த அளவு, முடி உதிர்ந்தபின் தளர்ந்துவிடும். ஆகவே பின்புறம் சுருக்கிக்கொள்ளும் பட்டை உள்ளதையே வாங்குங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

முழுக்க இயந்திரத் தையலில் ஆன விக் மலிவு, நீடித்து உழைக்கும். ஆனால் நெற்றி முடியை வெளியே காட்ட முடியாது. நெற்றியை மறைக்கும் முன்கற்றை வைத்துக்கொள்பவர்களுக்கு அது போதும். முடியை வாரிப் பின்னுக்கு விடுபவர்களுக்கு லேஸ் ஃப்ரன்ட் வேண்டும்: காதிலிருந்து காது வரை மெல்லிய வலைத்துணி, அதில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சிட்டிருப்பார்கள். 13க்கு 4 என்று குறித்திருந்தால், வலை காதுக்குக் காது 13 அங்குலம், உச்சியை நோக்கி 4 அங்குலம் என்று பொருள். வகிட்டை விருப்பப்படி மாற்றிக்கொள்ள அந்த ஆழம் உதவும்.

அடர்த்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 150, 180 சதவீதம் என்று விளம்பரப்படுத்துவதைப் பார்த்து, கொடுக்கிற காசுக்கு நிறைய முடி கிடைக்கட்டும் என்று வாங்குகிறார்கள். தொடக்கநிலையில் 130 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நடுவயதைக் கடந்தவர்களுக்கு அதுவும் கூடுதல்தான், இன்னும் மெலிதாகக் கிடைத்தால் நல்லது.

மனித முடியா, செயற்கை இழையா? செயற்கை இழை கடையில் வைத்த வடிவத்தை அப்படியே காக்கும், எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் தோளில் உரசி உரசி நுனி சில மாதங்களில் பஞ்சாகிவிடும். மனித முடியை நம் முடிபோலவே நடத்தலாம். வாங்கும்போது ரெமி முடியா என்று கேளுங்கள். முடியின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு, அவை வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். திருமலையிலும் பழநியிலும் மொட்டையடித்துக் காணிக்கையாகச் செலுத்தும் முடி, கற்றையாகச் சேர்த்துக் கட்டப்பட்டால் செதில்கள் ஒரே திசையில் இருக்கும். அதுவே ரெமி. சீப்பில் சேரும் முடியைச் சுருட்டிவைத்து, தெருவில் வரும் வியாபாரியிடம் பாத்திரத்துக்கு மாற்றுவார்களே, அந்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். செதில்கள் எதிரெதிராக உரசி சிக்காகும். அதை அமிலத்தில் இட்டுச் செதிலை நீக்கி, சிலிகான் பூசி விற்பார்கள். முதல் சில கழுவல் வரை பட்டாக இருக்கும், பூச்சு போனதும் சிக்கு தொடங்கும்.

நீளம் தோள் வரை போதும். இடுப்பு வரை சடை போட்டிருந்தவர்களுக்கு இது மனக்குறையாக இருக்கலாம். ஆனால் நீள விக்கின் எடை முன்வலையைப் பின்னுக்கு இழுக்கும், பிடரியில் முடிச்சு விழும்.

முதல் கழுவல்

புது விக்கைக் கழுவாமல் அணியாதீர்கள். தொழிற்சாலைப் பளபளப்பில் ஒரு பகுதி முதல் கழுவலிலேயே போகும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுங்கள். மனித முடிக்கு வெதுவெதுப்பான நீர், செயற்கை இழைக்குக் குளிர்ந்த நீர். மென்மையான ஷாம்பூவை நீரில் கரைத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தடவி அலசுங்கள். தலைக்குக் குளிக்கும்போது கசக்கித் தேய்ப்பதுபோல் தேய்க்கக்கூடாது. கண்டிஷனரை முடியின் பாதியிலிருந்து நுனிவரை மட்டும் போடுங்கள். வேர்ப்பகுதியில் பட்டால் முடிச்சுகள் வழுக்கி அவிழும். துண்டில் ஒற்றி எடுத்து, விக் தாங்கியில் நிழலில் உலரவிடுங்கள்.

செயற்கை இழை அப்போதும் மின்னினால், குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூரிகையால் மிக மெல்லியதாகத் தட்டி, நன்றாக உதறிவிடுங்கள்.

வலைக்கு உங்கள் தோலின் நிறம்

பல விக்குகளில் வலை வெளிறிய சந்தன நிறத்தில் வருகிறது. மாநிற நெற்றியில் அது வெள்ளை விளிம்பாகத் துருத்தும். இதற்கு நான் நம்புவது தேநீர். அரை லிட்டர் நீரில் நான்கைந்து தேக்கரண்டித் தேயிலை போட்டுக் கொதிக்கவைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் நன்றாக வடிகட்டி, கை பொறுக்கும் சூடுவரை ஆறவிடுங்கள். காதோரத்தில் எப்படியும் வெட்டி எறியப் போகிற வலையில் ஒரு துண்டை நறுக்கி அதில் முதலில் சோதியுங்கள். ஐந்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முழுக்க உலர்ந்தபின் நெற்றியில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே கருமையாகத் தெரியும், அதை நம்பி நேரத்தை முடிவு செய்யாதீர்கள். சோதனைத் துண்டு பொருந்திய நேர அளவுக்கு முன்வலையை மட்டும் அமிழ்த்துங்கள்.

வலையில் கரும்புள்ளிகளாகத் தெரியும் முடிச்சுகளை ப்ளீச் செய்யச் சொல்லும் காணொளிகள் ஏராளம். முதன்முறை செய்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கலவை சற்று நீர்த்துவிட்டாலும் வலை வழியே ஊறி, முடியின் அடிப்பகுதி செம்பட்டையாகிவிடும். முடிச்சு பலவீனமாகி உதிரும். அதற்குப் பதில், விக்கைத் திருப்பி, உங்கள் தோல்நிற முகப்பவுடரை உட்புறத்தில் தூரிகையால் அழுத்தித் தேய்த்தால் புள்ளிகள் மங்கிவிடும்.

முன்வரிசை: பொறுமை வேண்டிய இடம்

கண்ணாடியில் உங்கள் நெற்றியையோ, வீட்டில் யாருடைய நெற்றியையோ உற்றுப் பாருங்கள். முடி ஒரு கோட்டில் தொடங்குவதில்லை. முதலில் பூனை முடி, பிறகு மெல்லிய முடி இங்கொன்றும் அங்கொன்றுமாக, விரற்கடை தூரம் உள்ளே போனபின்தான் அடர்த்தி. இரு பக்கமும் கன்னப்பொட்டுக்கு மேல் சற்று உள்வாங்கியிருக்கும். இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விக்கில் இந்த மாற்றத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

விக்கைத் தெர்மாகோல் தலையில் வைத்துக் குண்டூசியால் அசையாமல் குத்துங்கள். முன்முடியைப் பின்னோக்கி வாரி, சிறிது நீர் தெளியுங்கள். முதல் வரிசையைத் தொடாமல், அதற்கு அடுத்து சுமார் ஒன்றரை செ.மீ. ஆழமுள்ள பகுதியில் வேலையைத் தொடங்குங்கள். முதல் வரிசையையே பிடுங்கினால் நெற்றி மேலேறிவிடும், அடர்த்திச் சுவர் அப்படியே நிற்கும். சாய்முனை ட்வீசரால் ஒரு முடியை அடியில் பிடித்து, அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். ஓரிடத்தில் ஒன்று எடுத்தால் அடுத்ததை அரை செ.மீ. தள்ளி எடுங்கள். ஒரே இடத்தில் நான்கைந்து எடுத்தால் வழுக்கைத் திட்டாகிவிடும். ஓரத்துக்கு அருகே அதிகமாகவும், உள்ளே போகப் போகக் குறைவாகவும் எடுங்கள். கடைசியில்தான் முதல் வரிசையில் அங்கங்கே ஒன்றிரண்டு.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, அறையின் மறு கோடியிலிருந்து பாருங்கள். முடியைச் சீவி, முன்னே விழவிட்டு, மீண்டும் பின்னுக்கு வாரிப் பாருங்கள். ஒரே அமர்வில் முடிக்க நினைக்காதீர்கள். நான் மூன்று மாலைகள் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் நாளே போதும் என்று தோன்றியது, மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோது வலப்பக்கம் இன்னும் சுவராக நின்றது. எடுத்த முடியைத் திரும்ப வைக்க முடியாது, எடுக்காததை நாளை எடுக்கலாம்.

வகிட்டுக்கும் இதே முறை. சீப்பின் வால்முனையால் கோடு கிழித்து, இரு பக்கமும் அங்கங்கே ஒன்றிரண்டு முடி நீக்கி, முன்பக்கம் சற்று அகலமாகவும் உச்சியை நோக்கிக் குறுகியும் போகும்படி செய்யுங்கள். கோடு ஓரிரு இடங்களில் நெளியட்டும். அக்காவுக்கு உச்சியில் இடப்பக்கம் ஒரு சுழி உண்டு, அந்த இடத்தில் வகிடு எப்போதும் விலகிவிடும். பழைய படத்தைப் பார்த்து விக்கின் வகிட்டையும் அங்கே விலக்கினேன். அன்றுதான் அவள் அதை முதன்முறையாக "என் முடி" என்றாள்.

கூடுதலாகப் பிடுங்கிவிட்டால்? சிறு திட்டை முடிநிறப் புருவப் பென்சிலால் புள்ளி வைத்து மறைக்கலாம். பெரிய திட்டென்றால், விக் செய்பவர்களிடம் கொடுத்து அந்த இடத்தில் மீண்டும் முடிச்சிட்டு வாங்குங்கள். அதற்கென்றே கொக்கி ஊசி வைத்திருப்பார்கள்.

அணிந்து, வலையை வெட்டுதல்

சொந்த முடி இருந்தால் இரண்டு மெல்லிய பின்னல்களாகப் பின்னித் தலையோடு படிய ஊசி குத்துங்கள். உச்சியில் கொண்டை வேண்டாம், மேடு தெரியும். முடி உதிர்ந்தவர்களுக்கு நைலான் தொப்பியைவிட மெல்லிய பருத்தித் தொப்பி இதமாக இருக்கும். அதன் மேல் வெல்வெட் பிடிப்புப் பட்டை ஒன்று போட்டால் விக் வழுக்காது. சிகிச்சையில் இருக்கும்போது தோல் எளிதில் புண்ணாகும் என்பதால் பசையையும் ஒட்டுநாடாவையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். அக்காவுக்கு எட்டு மாதமும் பட்டை மட்டுமே போதுமானதாக இருந்தது.

முன்விளிம்பை நெற்றியில் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பிடரி வரை இழுத்துவிடுங்கள். புருவத்துக்கு மேல் நான்கு விரற்கடை தூரத்தில் முடி தொடங்கட்டும். புதிதாக அணிபவர்கள் செய்யும் பெரிய தவறு விக்கைக் கீழே இறக்கிப் போடுவது. நெற்றி சிறுத்து, முகமே மாறிவிடும். காதோரத் துண்டுகள் இரண்டும் காதுக்கு முன்னே ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது முன்முடியை கிளிப்பால் பின்னுக்குக் கட்டி, வெளியே நீட்டியிருக்கும் வலையை வெட்டுங்கள். நெற்றி நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என, முடியைத் தொடாமல் அதற்குச் சற்று முன்பே நிற்கும்படி வலையில் சிறு கீறல் போட்டு, ஒவ்வொரு பகுதியாக, சிறு கத்தரியால், மெல்லிய அலைபோல நெளித்து வெட்டவேண்டும். நேராக வெட்டிய விளிம்பு கோடாகத் தெரியும். முடியிலிருந்து இரண்டு மி.மீ. வலையை விட்டுவையுங்கள், ஒட்ட வெட்டினால் முன்வரிசை உதிரத் தொடங்கும்.

சீப்பும் கத்தரியும்

வெட்டும் வேலையை விக் தலையில் இருக்கும்போதே, முடி உலர்ந்த நிலையில் செய்யுங்கள். புது விக்கின் நுனி ஒரே மட்டமாக இருக்கும். கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியை மட்டும் கொத்திக் கொத்தி வெட்டினால் அந்த மட்டம் உடையும். முகத்தோரக் கற்றைகள் கன்ன எலும்புக்கும் தாடைக்கும் இடையில் முடியட்டும், அவை வலையின் பக்கவாட்டு விளிம்பை மறைக்கும். பருமன் கூடுதலாக இருந்தால் பல் கத்தரியால் உட்புறக் கற்றைகளில், பாதி நீளத்துக்குக் கீழே மட்டும் மெலிதாக்குங்கள். வேருக்கு அருகே பல் கத்தரி பட்டால் குட்டை முடிகள் முள்ளாக எழுந்து நிற்கும்.

வேர்கள் மேலெழும்பி நின்றால், மனித முடியென்றால் 150 டிகிரி செல்சியஸுக்கு மிகாத சூட்டுச் சீப்பால் வகிட்டின் இரு பக்கமும் படியவையுங்கள். செயற்கை இழையில், வெப்பம் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருந்தால் அன்றிச் சூடு படவே கூடாது. நெற்றியோரம் பூனை முடி வேண்டுமென்றால் ஐந்தாறு இழைகள் போதும். சுருள் சுருளாகக் கோலம் போடுவது நம் முகங்களுக்கு இயல்பாக இருப்பதில்லை.

புருவம்

விக் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் புருவமும் இமைமுடியும் உதிர்ந்திருந்தால் பார்ப்பவர் கண் அங்கேயே நிற்கும். இதை எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. கருப்புக்குப் பதில் கரும்பழுப்புப் பென்சிலைக் கூராகச் சீவி, முடி முளைக்கும் திசையில் சிறு சிறு கோடுகளாக இழுங்கள். ஒரே வளைவாக வரையாதீர்கள். பழைய படம் இங்கும் உதவும். சட்டம் சற்றுத் தடித்த மூக்குக்கண்ணாடி பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

எண்ணெய், குங்குமம், பூ, அடுப்பு

கை தானாகவே தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். விக்குக்கு எண்ணெய் கூடாது. முடிச்சு தளரும், தூசி ஒட்டும். நுனிக்கு மட்டும் ஒரு சொட்டு சீரம் போதும்.

வகிட்டில் குங்குமம் வைத்தால் வலையில் ஏறிய சிவப்பு முழுதாகப் போகாது. வகிடு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே, நெற்றித் தோலிலேயே வையுங்கள். பார்ப்பவருக்கு வகிட்டுக் குங்குமமாகவே தெரியும்.

பின்னல் போடுவதானால் பிடரிக்குக் கீழே, தளர்வாக. உயர்த்திக் கட்டினால் லேஸ் ஃப்ரன்ட் விக்கின் பின்பக்கத் தையல் வெளியே தெரியும். மல்லிகைச் சரம் அரை முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்ட சரத்தின் எடையில் முன்விளிம்பு மெல்ல மெல்ல மேலேறும். ஹேர்பின்னைப் பின்னலில் குத்துங்கள், வலையில் குத்தாதீர்கள்.

சமைக்கும்போது விக்கைக் கழற்றிவிட்டுத் துணி கட்டிக்கொள்ளுங்கள். குக்கரைத் திறக்கும்போது எழும் ஆவியே செயற்கை இழையைச் சுருட்டிவிடும், அடுப்புத் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கற்பூர ஆரத்தியைக் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது முன்கற்றையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகுமுன்

குளியலறை விளக்கை நம்பாதீர்கள். வாசலில், பகல் வெளிச்சத்தில், வேறொருவரை உங்கள் நெற்றிக்குச் சற்று மேலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். வலை விளிம்பு, வகிட்டின் நிறம், காதோரம் மூன்றும் அதில் தெரிந்துவிடும். வகிடு வெளிறித் தெரிந்தால் தோல்நிறப் பவுடரைச் சிறு தூரிகையால் கோட்டின் மேல் மட்டும் தடவுங்கள். தலையைக் குனிந்து, நிமிர்ந்து, இருபுறமும் ஆட்டிப் பாருங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் தினமும் இரண்டு மணி நேரம் அணிந்து பழகினால், தொட்டுத் தொட்டுச் சரிசெய்யும் பழக்கம் போய்விடும். அந்தப் பழக்கம்தான் பலமுறை விக்கைக் காட்டிக்கொடுக்கிறது.

எட்டுப் பத்து முறை அணிந்தபின் ஒருமுறை கழுவலாம், கோடையில் வியர்வைக்கு ஏற்ப அதற்கு முன்பே. உட்தொப்பியைத் தினமும் துவைத்து மாற்றுங்கள். அணிந்தபடி தூங்க வேண்டாம். இரவில் தாங்கியில், சன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள், வெயிலில் கருப்பு நிறம் செம்பட்டையாகும்.

சிகிச்சை முடிந்து ஒன்று முதல் மூன்று மாதங்களில் சொந்த முடி முளைக்கத் தொடங்கும். அது மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளர வளர விக் இறுகும். பின்பட்டையை ஒவ்வொரு கொக்கியாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். முளைக்கும் முடி சிலருக்கு முன்பு இல்லாத சுருளோடு வரும். அக்காவுக்கு அப்படித்தான் வந்தது. விக்கை எப்போது கழற்றி வைப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். கடைசியாக ஒருமுறை அதைக் கழுவி உலர்த்தி, சிக்கெடுத்து, வலையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.